ட்ரிம்மரால் கீறல் இல்லாமல் கோடு எடுக்கப் பழகியது

தாடிக்குக் கீழே, கழுத்தின் வலது பக்கம், விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு தடம். முகம் கழுவும்போது சோப்பு பட்டதும் சுருக்கென்று எரிந்தது. ட்ரிம்மரைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் கண்ணாடிக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தபோதுதான் அது ஒரே தடம் இல்லை, ஒட்டி ஒட்டி ஓடும் நான்கு மெல்லிய கீறல்கள் என்று தெரிந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அழுத்தம்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் அல்லவா இருக்க வேண்டும்? ட்ரிம்மரை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஓரம் எடுப்பதற்கென்றே இருக்கும் சின்ன ட்ரிம்மர் அது. டி-பிளேடு வைத்தது. பிளேடு கைப்பிடியைவிட அகலமாக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பது கைப்பிடியால் மறைக்கப்படாமல் கண்ணுக்குத் தெரியும். தலைமுடி வெட்டும் பெரிய கிளிப்பரைவிட இதன் பற்கள் மெல்லியவை, நெருக்கமானவை. கோடு கூர்மையாக வருவதற்கு அதுதான் காரணம். தோலில் கை தவறினால் உடனே கீறுவதற்கும் அதுதான் காரணம்.

உள்ளே நடப்பது கத்தரிக்கோல் வேலைதான். கீழே அசையாத ஒரு பிளேடு. தோலில் படுவது இது மட்டும்தான். அதன் முதுகில் இன்னொரு சின்ன பிளேடு இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டின் பற்களுக்கு நடுவில் சிக்கும் முடி அறுபடும். அசையாத பிளேடின் நுனி முன்னால் நீட்டிக்கொண்டு வேலிபோல் நிற்பதால், ஓடும் பிளேடு தோலைத் தொடுவதே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். என்னுடையதில் இடது முனையில் வேலி இருந்தது. வலது முனையில் ஓடும் பிளேடின் கடைசி நாலைந்து பற்கள் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்கு ஒரு வாரம் முன்பு நானேதான் பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருந்தேன். கண்ணளவில் நேராகத்தான் தெரிந்தது. எட்டிப் பார்த்த அளவு ஒரு முடியின் தடிமன் இருக்கும், அவ்வளவுதான். அவ்வளவே போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால் நம் உடம்பில் பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் தடிமனும் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதாவது ஒரு முடியை அறுக்கிற தூரமும் மேல்தோலைக் கடக்கிற தூரமும் கிட்டத்தட்ட ஒன்று. மயிரிழையில் தப்பினேன் என்று சொல்வோமே, இங்கே அதை அளவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சீரமைத்த விதத்தைச் சொல்கிறேன். என் ட்ரிம்மரில் பிளேடு இரண்டு சின்ன ஸ்க்ரூக்களால் மாட்டப்பட்டிருக்கிறது. எல்லா ட்ரிம்மரும் அப்படி இல்லை. சிலவற்றில் பிளேடு ஒரே தொகுதியாக அழுத்தி மாட்டப்பட்டிருக்கும், நாம் சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்காது. அதைக் கழற்ற முயல வேண்டாம். தேய்ந்தால் அந்தத் தலையையே மாற்றிவிட வேண்டியதுதான்.

முதலில் சார்ஜரைப் பிடுங்கி, ட்ரிம்மரை அணைத்து, வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரித்துக்கொண்டேன். ஸ்க்ரூ கடுகளவு இருக்கும், தரையில் விழுந்தால் கிடைக்காது. இரண்டு ஸ்க்ரூக்களையும் முழுதாகக் கழற்றாமல், பிளேடு லேசாக நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தினேன். பிறகு அசையாத பிளேடைக் கட்டைவிரலால் மெல்ல முன்னுக்குத் தள்ளினேன். அதன் பல்நுனிக்கும் ஓடும் பிளேடின் பல்நுனிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான் வைத்தது அரை மில்லிமீட்டர் அளவு. மோட்டாரிலிருந்து வரும் முளை, ஓடும் பிளேடின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இறுக்கும்போதுதான் எல்லாம் கெடும். ஒரு ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் முதல் ஸ்க்ரூவோடு சேர்ந்து பிளேடும் திரும்பிவிடுகிறது. போன வாரம் எனக்கு நடந்தது இதுதான். இந்த முறை இதில் கால் திருப்பு, அதில் கால் திருப்பு என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். அப்படியும் முதல் தடவை ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி தளர்த்தி, மறுபடி தள்ளி, மூன்றாவது முறை சரியாக வந்தது. வந்ததா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது படத்தில் கோணலாகத் தெரியும்.

ஸீரோ கேப் என்று சொல்லி இந்த இடைவெளியை இல்லாமலே ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க இந்த வேலையே செய்யும் கைகளுக்கு அது பழகியிருக்கலாம். வீட்டில் மாதம் இரண்டு முறை எடுக்கிற கைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோட்டின் கூர்மை இடைவெளியைக் குறைப்பதால் வருவதில்லை. பிளேடின் ஓரம் நேராக இருப்பதாலும், கை ஒரே இடத்தில் நிற்பதாலும்தான் வருகிறது. அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்து எடுத்த கோட்டை ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முன்கையில் சோதித்தேன். முதலில் அணைத்த நிலையிலேயே பிளேடின் இரண்டு மூலைகளையும் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்த்தேன். நகத்தால் வருடியது போல இருந்தால் சரி, முள் இழுத்தது போல இருந்தால் சரியில்லை. பிறகு ஓடவிட்டு, கோடு எடுக்கப் பிடிப்பது போலவே நிறுத்திப் பிடித்து, எடையே இல்லாமல் தொட்டேன். வெள்ளைத் தடம் விழவில்லை. அன்று அதோடு நிறுத்திக்கொண்டேன். கழுத்துக் கீறல் ஆறும்வரை நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. புண் மேலும் பரு மேலும் ட்ரிம்மர் ஓட்டவே கூடாது. மச்சம் இருந்தால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழுத்துக் கோடு. எங்கே கோடு போடுவது என்பதில்தான் முன்பெல்லாம் தடுமாறுவேன். தாடைக்கு நெருக்கமாகப் போட்டுவிட்டால் தலையை நிமிர்த்தும்போது தாடி பாதியில் அறுந்தது போல இருக்கும். இப்போது வைத்திருக்கும் கணக்கு, குரல்வளை துருத்தும் இடத்துக்கு மேலே இரண்டு விரல். அங்கே ஒரு புள்ளி. அப்புறம் இரண்டு காதுகளுக்கும் பின்னால், தாடை மேலே திரும்பும் இடத்தில் ஒவ்வொரு புள்ளி. மூன்றையும் இணைத்தால் லேசாக வளைந்த ஒரு கோடு வரும். ஐப்ரோ பென்சிலால் மூன்று புள்ளிகளையும் தோலில் வைத்துவிட்டேன். மனதுக்குள் போட்ட கோடு ட்ரிம்மர் ஓடத் தொடங்கியதும் நகர்ந்துவிடும். தோலில் வைத்த புள்ளி நகராது.

முடி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான முடி ஒட்டிப் படுத்து, நீளமாகத் தெரியும். உலர்ந்ததும் சுருங்கி, வேறு இடத்தில் போய் நிற்கும். சார்ஜும் நிறைய இருக்க வேண்டும். மோட்டார் தளர்ந்தால் பிளேடு முடியை அறுக்காமல் கவ்வி இழுக்கும். இழுத்தால் வலியில் தலை அசையும், கோடு போச்சு.

ட்ரிம்மரைத் தலைகீழாகத் திருப்பி, பற்கள் தோலைப் பார்க்கும்படி பிடித்தேன். பேனா பிடிப்பது போலத்தான். சுண்டுவிரல் தாடையில் ஊன்றியிருக்க வேண்டும். எழுதும்போது கை தாளில் ஊன்றியிருப்பது போல. அந்தரத்தில் பிடித்தால் எந்தக் கையும் நடுங்கும். நடுப்புள்ளியில் தொடங்கி, தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, பாதி பிளேடு அகலம் நகர்ந்து மறுபடி தொட்டு எடுத்து. இழுப்பதே இல்லை. ஒற்றி எடுப்பது என்று சொன்னால் சரியாக இருக்கும், நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றுவோமே அது போல. இழுக்கும்போதுதான் பிளேடின் மூலை தோலில் உழுகிறது. கழுத்து வளைவானது, பிளேடு நேரானது. வளைவில் முழு பிளேடையும் வைத்தால் இரண்டு மூலைகளில் ஒன்று கண்டிப்பாகக் குத்தும். அதனால் வளைகிற இடத்தில் பிளேடின் ஒரு பகுதியை மட்டும் மெல்லத் தொடவைத்தேன்.

கோடு விழுந்த பிறகு அதற்குக் கீழே இருப்பதை எடுக்க ட்ரிம்மரை நேராகத் திருப்பி, தட்டையாகச் சாய்த்துக் கீழிருந்து மேலே ஓட்டினேன். இங்கே ஒரு தவறு செய்தேன். வலது பக்கம் கோடு போடும்போதே இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கையை விட்டதும் தோல் தன் இடத்துக்குப் போனது, கோடும் கூடவே போனது. வலது பக்கம் இடது பக்கத்தைவிடக் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் மேலே. தோலை இழுத்துப் பிடிப்பது கோட்டுக்கு வெளியே இருக்கும் குறுமுடியை எடுக்கும்போது மட்டும்தான். கோடு போடும்போது தலை நேராக, தோல் தளர்வாக, முகம் எப்போதும் இருப்பது போல இருக்க வேண்டும்.

அப்போது கை தானாகவே போகும் இடம், இடது பக்கத்தையும் கொஞ்சம் மேலே ஏற்றிச் சமன் செய்வது. செய்யவில்லை. சமன் செய்யப் போனால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கோடு ஏறிக்கொண்டே போகும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பத்துப் பதினைந்து நாள் அப்படியே விட்டேன், அதுவே நிரப்பிக்கொண்டது. நெற்றியோரத்தில் இது இன்னும் முக்கியம். முன்நெற்றியில் இயல்பாக இருக்கும் கோட்டுக்கு உள்ளே ஒரு முறை போய்விட்டால், குத்திட்டு நிற்கும் குறுமுடி வாரக்கணக்கில் ஒரு நிழல் போலத் தெரியும். அங்கே இருக்கும் பூனைமுடி கலைந்து தெரிந்தாலும் அதுதான் முகத்துக்கு இயல்பு. வெளியே தப்பி நிற்கும் நாலு முடியை எடுத்தால் போதும், வரிசையைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்தேன். இடைவெளி கோணலாக இருந்த நாட்களில் கழுத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தன. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்துக் கழுவுவேன், அது இன்னும் சிவக்கும். ஒட்ட வெட்டிய சுருட்டைமுடி வளரும்போது நுனி வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்துவதால் வரும் கொப்புளம் அது. என் தாடி கழுத்தில் நன்றாகவே சுருளும். இப்போது அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் சீப்பு மாட்டித்தான் ஓட்டுகிறேன். கோடு மட்டும் சீப்பில்லாமல். இரண்டு மாதமாகக் கொப்புளம் இல்லை.

என் கழுத்தில் கை பழகியதும் தம்பியின் பிடரி. அவன்தான் கேட்டான். பிறர் தலையில் வேலை செய்வது எளிது என்று நினைத்திருந்தேன், கண்ணாடியில் திரும்பித் தெரியும் குழப்பம் இல்லையே என்று. எளிதுதான், ஆனால் நம் தோல் என்றால் பிளேடு சூடாவதும் குத்துவதும் நமக்கே தெரியும். அடுத்தவர் தோலில் அவர் சொன்னால்தான் தெரியும்.

முதல் முறை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிடரி முடிந்து காதைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். காதுமடலை மடக்கிப் பிடிக்காமல், ஒரு கையாலேயே வேலையை முடித்துவிடலாம் என்று போனேன். பிளேடின் மூலை காது தலையோடு சேரும் மடிப்பில் பட்டது. அவனுக்குக் கூசியிருக்கிறது, தோளைக் குலுக்கினான். அந்த நொடியில் வெட்டு விழுந்தது. அரிசி நீளம்கூட இல்லை, ஆனால் ரத்தம் நிற்காமல் கசிந்தது. ட்ரிம்மரை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்தேன். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பிடித்ததும் நின்றது. பிறகு சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினோம். படிகாரம் வைத்தால் சின்ன வெட்டுக்கு ரத்தம் சட்டென்று நிற்கும், ஆனால் நன்றாக எரியும். வெட்டு ஆழமாக இருந்தாலோ, அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை. அடுத்த முறை தொடங்கும் முன் உட்காரவைத்துப் பேசினேன்.

"கூசினா கையைத் தூக்கு. வாயைத் திறக்காதே, தலையை ஆட்டாதே. நான் ட்ரிம்மரை எடுத்ததும் அப்புறம் அசை."

"தும்மல் வந்தா என்னண்ணா பண்றது?"

"அதுக்கும் கைதான்."

அன்று மூன்று முறை கையைத் தூக்கினான். இரண்டு முறை கூச்சம், ஒரு முறை பிளேடு சூடு. சூடு பற்றி அவன் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இரும்போடு இரும்பு உரசி ஓடுவதால் பத்து நிமிடத்தில் நன்றாகவே சூடாகிவிடுகிறது. இப்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என் மணிக்கட்டின் உட்புறத்தில் பிளேடை வைத்துப் பார்க்கிறேன். எனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும், அணைத்து ஆறவைக்க வேண்டும்.

காதைச் சுற்றி இப்போது எடுக்கும் விதம் இது: இடது கையின் இரண்டு விரலால் காதுமடலை முன்பக்கம் மடக்கி, என் விரல்கள் காதுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும்படி பிடிப்பேன். பற்கள் காதைப் பார்க்காமல் முடியைப் பார்த்திருக்கும். பிளேடின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்தி, மேலிருந்து பின்பக்கமாகச் சின்னச் சின்னத் தொடுதலாக இறங்குவேன். மடிப்புக்குள்ளே இருக்கும் இரண்டு முடியை விட்டுவிடுவேன். அது யார் கண்ணிலும் படப்போவதில்லை.

ரத்தம் பட்ட பிளேடைப் பற்றியும் சொல்ல வேண்டும். துடைத்துவிட்டு உள்ளே வைக்கிற விஷயம் இல்லை இது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்திலும்கூடக் குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். படர்தாமரையும் ஒருவருடைய கருவியிலிருந்து இன்னொருவருக்குச் சுலபமாகப் போகும். ஒரே வீடுதானே என்று இதில் இருக்கக் கூடாது. அவனுக்கென்று தனியாக ஒரு பிளேடு வாங்கிவிட்டேன். மாட்டும்போது மறுபடி அந்த அரை மில்லிமீட்டர் வேலை இருக்கிறது என்றாலும் பரவாயில்லை.

சாதாரண நாட்களில் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. அணைத்துவிட்டு, கூடவே வந்த பிரஷால் பற்களுக்கு நடுவில் இருக்கும் முடியைத் தட்டி எடுக்கிறேன். பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிளேடில் மட்டும் படும்படி விட்டு, தானாக உலரும்வரை காத்திருக்கிறேன். அது சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது, அதனால் ஓடும் மோட்டாரில் விடவே மாட்டேன். உலர்ந்ததும் கிளிப்பர் எண்ணெய் இரண்டு சொட்டு, பற்களின் வரிசையில் ஒன்று, ஓடும் பிளேடு உரசும் இடத்தில் ஒன்று. பத்து விநாடி ஓடவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டால் சரி. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை முன்பு ஒரு முறை விட்டிருந்தேன். சில வாரத்தில் முடித்தூளோடு சேர்ந்து பசையாகிவிட்டது, மோட்டார் சத்தமே கனத்துப்போனது. சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும் ட்ரிம்மர் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். கடகடவென்று சத்தம் வந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது முளை பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்காது. ஒரு முறை கீழே விழுந்தாலும் மறுபடி வெள்ளைத் தாள், கேமரா, முன்கை எல்லாம் முதலிலிருந்து. பல் ஒன்று முறிந்திருந்தால் அந்த பிளேடு அவ்வளவுதான், தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

போன வாரம் தம்பிக்கு நான்காவது முறை. பிடரியில் குறுக்கே நேர்க்கோடாக வெட்டாமல், முடி இயல்பாக முடியும் இடத்தையே ஒட்டி எடுத்தேன். குறுக்குக்கோடு முதல் இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும், ஒரே வாரத்தில் கீழே முளைத்து அழுக்காகத் தெரியும். இது வளர்ந்தாலும் கலைந்து தெரிவதில்லை. அவன் பிடரியில் இடது பக்கம் ஒரு சுழி இருக்கிறது. முடி அங்கே கீழ்நோக்கி வராமல் காதுப்பக்கமாகத் திரும்பிப் படுக்கும். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கோடு இறங்கிவிடும், நேராக்கப் போய் மேலே ஏறிவிடுவேன். இந்த முறை சுழியைத் தொடவே இல்லை. அதன் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, நடுவில் அது எப்படிப் படுக்கிறதோ அப்படியே விட்டேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் விட்டுட்டியேண்ணா" என்றான். படம் எடுத்துக் காட்டியதும் "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றான்.